பிள்ளை இருக்கிற வீட்டுல கத்தியே கூடாதுங்கிறா என் மனைவி. இது ஓசிடியா?

தறிக்காரன்_கரூர்:

எல்லாருக்கும் வணக்கம். நான் கரூர்ல ஒரு ஏற்றுமதி கம்பெனியில சூப்பர்வைசர். மனைவி தலைப்பிரசவத்துக்கு மணப்பாறை பக்கம் அவங்க அம்மா வீட்டுக்குப் போனவ, பிள்ளைக்கு மூணு மாசம் முடிஞ்சும் அங்கதான் இருக்கா. பெண் குழந்தை, ஆரோக்கியமா இருக்கு. சனிக்கிழமை ராத்திரி நான் போயிட்டு திங்கக்கிழமை விடியக்காலம் கிளம்பி வந்துடுவேன்.

போன மாசம்தான் கவனிச்சேன். அரிவாள்மணை, கத்தி, தேங்காய் உடைக்கிற அரிவாள் எல்லாம் பரண் மேல ஏறியிருக்கு. மாமியாரைக் கேட்டா, "அவதான் ஏத்தி வைக்கச் சொன்னா"ன்னாங்க. பிள்ளையைத் தூக்கிட்டு மொட்டைமாடிக்குப் போறதில்லை. கிணத்துப் பக்கமே போறதில்லை. குளிப்பாட்டுறது முழுக்க மாமியார்தான். தொட்டில்கிட்ட தலையணை கிடந்தா எடுத்து வெளியே வீசிடுறா. பால் கொடுக்கும்போது மட்டும் கையில வாங்குறா, அப்பவும் யாராவது பக்கத்துல உட்கார்ந்திருக்கணும்.

நான் விடாம கேட்டதுல ஒருநாள் அழுதுட்டே சொன்னா. கத்தியைப் பார்த்தா பிள்ளையைக் குத்துற மாதிரி கண்ணு முன்னாடி படம் வருதாம். கிணத்தைப் பார்த்தா உள்ளே போடுற மாதிரி வருதாம். வந்த உடனே மனசுக்குள்ள "முருகா முருகா"ன்னு ஒரு கணக்குக்குச் சொல்லணுமாம், நடுவுல கணக்கு தப்பினா மறுபடி முதல்லேர்ந்து. ராத்திரி எனக்கு போன் போட்டு, "நான் அப்படிப் பண்ணிட மாட்டேன்ல?"ன்னு கேட்பா. மாட்டேம்மா, நீ எவ்வளவு பாசமா இருக்கேன்னு சொல்லிட்டு வச்சா, கொஞ்ச நேரத்துல திரும்பவும் அதே கேள்வி.

மாமியார் காத்து கருப்புன்னு மந்திரிச்சு கயிறு கட்டியிருக்காங்க. எங்க அம்மா பிள்ளையை இங்க தூக்கிட்டு வந்துடுங்கிறாங்க. பக்கத்துல ஒரு டாக்டரைப் பார்த்ததுல தூக்கத்துக்கு மாத்திரை எழுதி அனுப்பிட்டார். காலேஜ் ஹாஸ்டல்ல இருந்தப்போ ரூம் பூட்டை இழுத்து இழுத்துப் பார்த்துட்டு பஸ்ஸை விட்டிருக்கான்னு அவ தங்கச்சி இப்பதான் சொல்லுது. நெட்ல தேடினா ஓசிடின்னு (எண்ண சுழற்சி நோய்) வருது. ஓசிடின்னா கையைக் கழுவிக்கிட்டே இருக்கிறதுதானே? நேராவே கேட்கிறேன், அவகிட்ட பிள்ளையை விட்டா பிள்ளைக்கு ஆபத்து இருக்கா?

திண்டுக்கல்_அம்மா:

தம்பி, பச்ச உடம்புக்காரி. தூக்கம் கெட்டு, ரத்தம் குறைஞ்சு போயிருக்கும். நல்லா ஆக்கிப் போட்டு தூங்க வைங்க. ஒரு மாசம் பிள்ளையைப் பாட்டிகிட்ட ஒப்படைச்சுட்டு அவளைத் தனியா ஓய்வெடுக்க விடுங்க, தானா சரியாயிடும். சமயபுரத்தாளுக்கு ஒரு விளக்கு போட்டுட்டு வாங்க.

ராஜபாளையம்_டெய்லர்:

தம்பி, உங்க வீட்டுக்காரி சொன்ன அதே சொல்லை நானும் சொல்லியிருக்கேன். அதனால தைரியமாச் சொல்றேன், கேளுங்க.

மேல அம்மா சொன்னதுல சாப்பாடும் தூக்கமும் ரொம்ப முக்கியம். ஆனா பிள்ளையைப் பிரிக்கிறதை மட்டும் செய்யாதீங்க. பிரிச்சா அவ என்ன நினைப்பா? "வீட்டுல எல்லாருமே என்னைக் கண்டு பயப்படுதாங்க, அப்ப நான் நெசமாவே ஆபத்தானவதான்"னு முடிவு கட்டிருவா. என்னை அப்படித்தான் பிரிச்சு வச்சாங்க. பிள்ளை முன்னறையில மாமியார்கூட, நான் பின்கட்டுல. பால் கட்டிக் காய்ச்சல் வந்ததுதான் மிச்சம். எண்ணம் ஒரு பொட்டு குறையலை.

நான் பிளவுஸ் தைக்கிறவ. கல்யாணத்துக்கு முன்னாடி தளவாய்புரம் நைட்டி கம்பெனிகளுக்கு பீஸ் ரேட்டுக்கும் தைச்சிருக்கேன். கத்தரிக்கோல் எனக்கு ஆறாவது விரல் மாதிரி. மூத்தவன் பொறந்த ரெண்டாவது மாசம் லைனிங் துணி வெட்டிட்டிருக்கேன், அவன் பாயில கிடந்து காலை உதைச்சு விளையாடுதான். "இதை இவன் வயித்துல இறக்கினா என்ன ஆகும்?" எங்கிருந்து வந்துச்சுன்னே தெரியாம அப்படி ஒரு எண்ணம். உள்ளங்கை வேர்த்து கத்தரி வழுக்குது. கீழ போட்டுட்டு வாசலுக்கு ஓடிட்டேன். அன்னைக்கே அதை பீரோவுல வச்சுப் பூட்டி சாவியை வீட்டுக்காரர்கிட்ட குடுத்துட்டேன். அடுத்தது ஊக்கு. பிறகு தையல் ஊசி. பிறகு அளவு எடுக்கிற டேப்பு, அது கழுத்தைச் சுத்திரும்னு. கடைசியில மெஷினுக்கு உறை போட்டு மூடியாச்சு, வருமானமும் நின்னுபோச்சு. ஒண்ணை ஒளிச்சா இன்னொண்ணு பயங்காட்டும். உங்க வீட்டுல பரண்ல ஏறினது இன்னைக்கு அரிவாள்மணை. நாளைக்கு வேற ஏதாவது ஏறும்.

இந்த எண்ணம் வர்றது நிறையப் பொம்பளைங்களுக்கு உண்டு தம்பி, வெளியே யாரும் சொல்றதில்லை. மத்தவங்களுக்கு வரும், "சீ"ன்னு தள்ளிட்டு அடுப்பைப் பார்க்கப் போயிருவாங்க. நம்மளுக்கு மட்டும், "ஒரு தாய்க்கு இப்படி வரலாமா, அப்ப நான் யாரு?"ன்னு அதையே புடிச்சுத் தொங்குவோம். அதுக்கு அப்புறம் நாம செய்யிறோமே, ஓடுறது, ஒளிக்கிறது, கணக்குப் போட்டு சாமி பேரைச் சொல்றது, அடுத்தவங்களைக் கேட்டுக் கேட்டு உறுதி பண்ணிக்கிறது, அதுலதான் நோய் வளருது. ஒவ்வொரு தடவையும் நெஞ்சு கொஞ்சம் லேசாகும். "நல்லவேளை, முருகா சொன்னதாலதான் பிள்ளை பொழைச்சது"ன்னு மூளை கணக்கு எழுதிக்கும். அடுத்த தடவை இன்னும் சத்தமாக் கேட்கும்.

சாமி பேரைச் சொல்றது தப்புன்னு சொல்ல வரலை. நானும் மாரியாத்தாளைக் கும்பிடாம ஒருநாளும் மெஷினைத் தொடமாட்டேன். விளக்கேத்தி நிதானமாக் கும்பிடுறது பக்தி. கணக்கு தப்பினா பிள்ளை செத்துரும்னு பதறிட்டே சொல்றது நோய். இந்த வித்தியாசம் அவளுக்கே உள்ளுக்குள்ள தெரிஞ்சிருக்கும்.

எனக்கு மதுரையில ஒரு மனநல டாக்டரும், அவரோட இருந்த ஒரு சைக்காலஜிஸ்ட் அம்மாவும் வைத்தியம் பார்த்தாங்க. மாத்திரையும் உண்டு, பயிற்சியும் உண்டு. பயிற்சிக்குப் பேரு இஆர்பி. பயப்படுறதைக் கொஞ்சம் கொஞ்சமா நேருக்கு நேர் பார்க்கணும், பார்த்துட்டு ஓடவோ ஒளிக்கவோ மந்திரம் சொல்லவோ கூடாது. எதெதுக்கு எவ்வளவு பயம்னு நூத்துக்கு மார்க் போட்டு எழுதச் சொன்னாங்க. குறைஞ்ச மார்க்குல இருந்து ஆரம்பம். முதல்ல போன்ல கத்தரிக்கோல் படம். பிறகு பிள்ளை தூங்குற அறையில மேஜை மேல மூடின கத்தரி, நான் வெளிய போகாம உட்கார்ந்திருக்கணும். பிறகு அவன் பாயில கிடக்கும்போது நான் பக்கத்துல துணி வெட்டணும்.

அந்த நாள் நல்லா ஞாபகம் இருக்கு. நல்ல துணி வேண்டாம், கட்பீஸ்ல வெட்டுங்கன்னு சொல்லியிருந்தாங்க. ஆர்ம்ஹோல் வளைவை சாக்பீஸ்ல வரைஞ்சு வச்சிருந்தேன், ஒரு இடத்துல கூட கோட்டு மேல கத்தரி நிக்கலை, அவ்வளவு நடுக்கம். நெஞ்சு வாய்க்கு வருது. வாயில "மாரியாத்தா" வந்து நிக்குது, முழுங்கிட்டேன். கண்ணை மூடக்கூடாது, வீட்டுக்காரரைக் கூப்பிடக்கூடாது. வெட்டிட்டே இருந்தேன். நேரம் போகப் போக நடுக்கம் தன்னால தளர்ந்துச்சு. அவன் நடுவுல சிணுங்கினான், கத்தரியை வச்சுட்டு தூக்கிப் பால் குடுத்துட்டு, மறுபடி எடுத்து வெட்டினேன். அடுத்தடுத்த நாள் அதே வேலை. ஒருநாள் பார்த்தா வெட்டு நேரா வந்திருக்கு, பயத்தைப் பத்தின நினைப்பே இல்லாம கொக்கி வைக்கிற கணக்கை யோசிச்சுட்டிருக்கேன்.

இன்னொண்ணும் செய்யச் சொன்னாங்க, அதுதான் எனக்கு ரொம்பக் கஷ்டமா இருந்துச்சு. என் குரல்லயே போன்ல பதிவு பண்ணிக் கேட்கணும்: "நான் என் பிள்ளையை ஏதாவது செஞ்சுரலாம், செய்யாமலும் இருக்கலாம். நூத்துக்கு நூறு உறுதி எனக்குக் கிடைக்கப்போறதில்லை. அந்த உறுதி இல்லாமலே நான் இவனை வளர்ப்பேன்." முதல்ல கேட்டப்போ வாந்தி வந்துச்சு. கேட்டுக் கேட்டு, சலிச்சு, ஒரு கட்டத்துல ரேடியோ விளம்பரம் ஓடுற மாதிரி காதுல விழுந்துட்டே நான் பட்டன் கட்டிட்டிருந்தேன்.

இதையெல்லாம் நீங்களா வீட்டுல ஆரம்பிக்க வேண்டாம். டாக்டர் பார்த்து, இது இந்த நோய்தான்னு உறுதி சொன்ன பிறகு, சொல்லிக் குடுக்கத் தெரிஞ்சவங்க கூட இருந்து செய்யிறது.

மூத்தவன் இப்ப பள்ளிக்கூடம் போறான். ரெண்டாவது பிள்ளையும் பெத்தேன். அப்பவும் எண்ணம் எட்டிப் பார்த்துச்சு, ஆனா இந்தத் தடவை அது யாருன்னு தெரியும், மெஷினை நிறுத்தலை.

ஓட்டுநர்_நாமக்கல்:

ஓசிடின்னா கைகழுவுறது மட்டும் இல்ல நண்பரே. நான் லாரி டிரைவர். ரோட்டுல ஒரு குழியில டயர் இறங்கி ஏறினா போதும், ஆளை ஏத்திட்டோமோன்னு வரும். வண்டியைத் திருப்பிட்டு வந்து டார்ச் அடிச்சுப் பார்ப்பேன், மறுநாள் பேப்பர்ல விபத்துச் செய்தி இருக்கான்னு தேடுவேன். கிளீனர் பையன் "ஒண்ணுமில்லண்ணே"ன்னு சொல்லிச் சொல்லி ஓய்ஞ்சு போனான். எனக்கும் இதே வைத்தியம்தான், திரும்பிப் பார்க்காம ஓட்டுறது. இப்ப லோடு நேரத்துக்குப் போய்ச் சேருது. உங்க வீட்டுல சரியாயிடும், நம்புங்க.

தறிக்காரன்_கரூர்:

அக்கா, ஆபீஸ்ல உட்கார்ந்து படிச்சுட்டு எழுந்து வெளியே போயிட்டேன். அவளுக்கு அப்படியே அனுப்பிட்டேன். "இந்த அக்காவுக்கும் வந்துச்சா?"ன்னு அதையே திரும்பத் திரும்பக் கேட்கிறா.

ரெண்டு சந்தேகம். ராத்திரி போன் பண்ணி "மாட்டேன்ல?"ன்னு கேட்கும்போது நான் என்ன சொல்லணும்? பதில் சொல்லாம இருந்தா துடிச்சுப் போயிடுவாளே. ரெண்டாவது, பால் கொடுக்கிறா. மாத்திரை சாப்பிட்டா பிள்ளைக்கு ஒத்துக்குமா? மாமியார் அதைத்தான் பெருசா சொல்லி பயப்படுறாங்க.

மனநலப்பணி_திருச்சி:

அரசு மருத்துவமனை ஒன்றில் மனநல சமூகப் பணியாளராக இருக்கிறேன். ராஜபாளையம் சகோதரி எழுதியது சரியானது. சில விஷயங்களை மட்டும் சேர்க்கிறேன்.

குழந்தைக்கு ஆபத்து உண்டா என்று கேட்டிருந்தீர்கள். ஓசிடியில் வரும் எண்ணம், அந்த ஆளின் விருப்பத்துக்கு நேர் எதிரானது. அதனால்தான் அவர் அருவருத்து ஓடுகிறார், கத்தியை ஒளிக்கிறார். ஓசிடி உள்ளவர்கள் இந்த எண்ணங்களைச் செயலாக்குவதில்லை. ஆனால் பிரசவத்துக்குப் பிறகு வரும் சைக்கோசிஸ் என்று வேறொன்று இருக்கிறது. ஆயிரம் பிரசவங்களில் ஒன்றிரண்டு பேருக்கு, பெரும்பாலும் முதல் சில வாரங்களில் வரும். யாரோ காதில் பேசுவதாகச் சொல்வார்கள், பிள்ளையைத் தெய்வம் என்றோ பேய் என்றோ உறுதியாக நம்புவார்கள், தூங்காமலே பரபரப்பாக இருப்பார்கள், பேச்சு தொடர்பில்லாமல் போகும். பெரும்பாலும் எண்ணத்தைக் கண்டு பயப்பட மாட்டார்கள், அது நியாயம் என்பார்கள். அது அவசர நிலை, அன்றிரவே மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டும். நீங்கள் எழுதியதில் அந்த அறிகுறிகள் இல்லை. என்றாலும் இதை நேரில் பார்த்து உறுதிசெய்ய வேண்டியவர் மனநல மருத்துவர். மனச்சோர்வும் கூடவே வருவது சாதாரணம். "செத்துப்போகலாம் போல இருக்கா?" என்று நேரடியாகவே கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வந்துவிடாது. ஆம் என்றால் தள்ளிப்போடவே கூடாது.

இப்படிப்பட்ட எண்ணங்கள் யாருக்கும் வரும் என்பதை 1978லேயே லண்டனில் உளவியலாளர் ராக்மனும், இலங்கையைச் சேர்ந்த உளவியலாளர் பத்மல் டி சில்வாவும் எழுதிவிட்டார்கள். நோயில்லாதவர்களைக் கேட்டபோது பத்தில் எட்டுப் பேர் தங்களுக்கும் வருகிறது என்றார்கள். உள்ளடக்கத்தில் பெரிய வித்தியாசம் இல்லை. 2008ல் கனடாவில் புதிய தாய்மாரிடம் கேட்டதில், ஏறக்குறைய பாதிப்பேர் தாங்களே வேண்டுமென்று பிள்ளைக்குக் கேடு செய்வதுபோல எண்ணம் வந்ததாகச் சொன்னார்கள். இதை உங்கள் மாமியாருக்கும் படித்துக் காட்டுங்கள்.

மாத்திரை பற்றி: எஸ்எஸ்ஆர்ஐ என்ற, மனச்சோர்வுக்கும் தரும் மாத்திரை வகைதான் முதலில் கொடுப்பது. அதில் செர்ட்ராலின் தாய்ப்பாலில் மிகக் குறைவாகவே கலக்கும், பால் கொடுக்கும் தாய்மாருக்கு அதிகம் எழுதப்படுவது அதுதான். எது, எவ்வளவு என்பதை மருத்துவர் முடிவு செய்வார். முதல் வாரம் குமட்டலும் கொஞ்சம் படபடப்பும் வரலாம். ஓசிடிக்குப் பெரும்பாலும் மனச்சோர்வுக்குத் தருவதைவிடக் கூடுதல் அளவு தேவைப்படும். முழுப் பலன் தெரிய 8 முதல் 12 வாரம் ஆகும். பத்து நாளில் ஒன்றும் தெரியவில்லை என்று நிறுத்திவிடுகிறவர்களைத்தான் நான் அதிகம் பார்க்கிறேன். குணமான பிறகும் ஓராண்டுக்குக் குறையாமல் தொடர்ந்து, மருத்துவர் சொன்னபடி படிப்படியாகத்தான் குறைக்க வேண்டும். தூக்க மாத்திரை மட்டும் ஓசிடிக்கு மருந்தாகாது.

ஓசிடி எவ்வளவு தீவிரம் என்று அளக்க ஒய்-பாக்ஸ் என்று பத்துக் கேள்வி கொண்ட ஓர் அளவுகோல் இருக்கிறது, மொத்தம் 40 மதிப்பெண். ஆரம்பத்திலேயே போட்டு வைக்கச் சொல்லுங்கள். இரண்டு மாதம் கழித்து எவ்வளவு இறங்கியிருக்கிறது என்று உங்களுக்கே தெரியும்.

எங்கே போவது என்றால், அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் மனநலப் பிரிவு உண்டு, கரூரிலும் திருச்சியிலும் இருக்கிறது. கட்டணம் இல்லை. போவதற்கு முன் பேச வேண்டுமானால் 14416, அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ். 24 மணி நேரமும் தமிழில் பேசலாம். உள்நோயாளியாகச் சேர்க்க வேண்டிய நிலை வந்தால், பெங்களூரில் உள்ள மத்திய அரசு மனநல மருத்துவமனையான நிம்ஹான்ஸில் தாயும் பிள்ளையும் சேர்ந்தே தங்கும் பிரிவு இருக்கிறது. பிள்ளையைப் பிரிக்காமலே வைத்தியம் பார்ப்பதற்காக ஏற்படுத்தியது அது.

ராஜபாளையம்_டெய்லர்:

சார் சொன்னதை அவளும் படிக்கட்டும் தம்பி. நீங்க கேட்ட முதல் கேள்விக்கு வர்றேன், எங்க வீட்டுல அதுதான் பெரிய போராட்டமா இருந்துச்சு.

"மாட்டே, மாட்டே"ன்னு நீங்க பாசத்துலதான் சொல்லுதீங்க. ஆனா உங்க பதில் அவளுக்கு இன்னொரு முருகா மாதிரி ஆயிருச்சு, கேட்டாத்தான் நெஞ்சு அடங்கும். திடீர்னு ஒருநாள் நிறுத்தினா அது கொடுமை. பகல்ல, அவ தெளிவா இருக்கும்போது, ரெண்டு பேரும் உட்கார்ந்து பேசி வச்சுக்குங்க. "இனிமே அந்தக் கேள்வி வந்தா நான் பதில் சொல்லமாட்டேன், உன்மேல கோவமில்லை, நோய்க்குத் தீனி போட வேண்டாம்னுதான்"னு. அவ சம்மதிக்கணும். எங்க வீட்டுக்காரர் சொன்னதை அப்படியே எழுதுதேன்: "இது அந்த நோய் கேட்கிற கேள்வி புள்ள. இதுக்கு என்கிட்ட பதில் இல்லை. உனக்குக் கஷ்டமா இருக்குன்னு தெரியுது, நான் வைக்கமாட்டேன், கூடவே இருக்கேன்." சொல்லிட்டு போனை வைக்காம அன்னைக்கு சந்தையில என்ன வாங்கினாரு, யாரைப் பார்த்தாருன்னு பேசிட்டே இருப்பாரு. நான் முதல்ல கத்தினேன், "ஒரு வார்த்தை சொன்னா குறைஞ்சா போயிருவீங்க?"ன்னு. அவரு அசையலை. அழுது முடிச்சு, கொஞ்ச நேரத்துல பேச்சுல கலந்துருவேன். எல்லாத்தையும் ஒரே நாள்ல நிறுத்த முடியலைன்னா, ராத்திரிக்கு ஒரு தடவைதான் பதில்னு ஆரம்பிங்க. பிறகு அதையும் விட்டுருங்க. மாமியாருக்கும் இதே பேச்சைச் சொல்லிக் குடுங்க. இல்லைன்னா உங்ககிட்ட கிடைக்காததை அவங்ககிட்ட கேட்பா.

பரண்ல இருக்கிறதை நீங்களா இறக்கி அவ முன்னாடி வைக்காதீங்க. எதை எப்ப இறக்கணும்னு அவளும் சைக்காலஜிஸ்டும் சேர்ந்து முடிவு பண்ணுவாங்க. ஆனா இனிமே புதுசா எதையும் ஏத்த வேண்டாம்.

கயிறு கையில இருந்தா இருக்கட்டும், மாமியார்கிட்ட அதுக்காகச் சண்டை வேண்டாம். ஆஸ்பத்திரிக்குப் போறதை மட்டும் அதைக் காரணம் காட்டித் தள்ளிப்போட விடாதீங்க.

திங்கக்கிழமை லீவு போட்டுருங்க. ஓபி காலையிலதான், சீக்கிரமே போய்ச் சீட்டு வாங்கிருங்க. பிரசவ ஃபைல், அந்தத் தூக்க மாத்திரைச் சீட்டு ரெண்டையும் எடுத்துக்குங்க. ஹாஸ்டல்ல பூட்டை இழுத்துப் பார்த்ததையும் மறக்காம டாக்டர்கிட்ட சொல்லுங்க. மத்ததை அவளையே பேச விடுங்க. வாய் வரலைன்னா நீங்க இங்க எழுதினதை போன்ல காட்டினாப் போதும். பிள்ளையையும் தூக்கிட்டுப் போங்க, வரிசையில நேரமாகும், பால் குடுக்கணும்ல.